மஞ்சளுக்குத் திரும்பிய ஆலாத்தி

எனக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒரே ஒரு தடவைதான் தப்பான விடை சொன்னார். அதுவும் வகுப்பில் இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில், என் அப்பாவின் முகத்துக்கு நேராக, கண் இமைக்காமல் சொன்னார். அதற்காக அவரை நான் வெகு காலம் மன்னிக்கவில்லை.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கோயிலின் கடைசி மதிலுக்குள் அடங்கிய வீதியில் இருந்தது. அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் எண்ணெய் வாசனையோடு திரும்புவார். நான் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அங்கே லேபரட்டரி என்று ஒன்று கிடையாது. பூட்டிய அலமாரி ஒன்று இருந்தது. அதன் சாவி ஹெட்மிஸ்ட்ரஸின் இடுப்பில் இருந்தது. அதனால் டீச்சர் தன் லேபரட்டரியைத் தானே தூக்கிவந்தார். உறையூரிலிருந்து பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வரும் அந்தத் துணிப்பைக்குள் பழைய புடவைத் துண்டில் சுற்றிய கண்ணாடிக் குழாய்கள், சோடா உப்புப் பொட்டலம், துருப்பிடித்த ஆணி, எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கும். பையை மேஜைமேல் வைக்கும்போது வரும் கிணுகிணு சத்தத்துக்கே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

ரசாயன மாற்றம் நடத்திய அன்று, மஞ்சள் தடவிய மையொற்றுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். அதன்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டினார். காகிதத்தில் காயம் பட்டதுபோலச் சிவப்பு பரவியது.

"டீச்சர், இது எங்க வீட்டு ஆலாத்தி டீச்சர்!" என்று பின்பெஞ்சுக்காரி ஒருத்தி கத்தினாள்.

"ஆமா. உங்கம்மா வாசல்ல நின்னு சுத்துற அதே ஆலாத்திதான். நான் கலந்தா ரசாயனம்கிறோம், உங்கம்மா கலந்தா சாஸ்திரம்கிறோம்."

பிறகு எலுமிச்சையைப் பிழிந்தார். சிவப்பு பின்வாங்கியது. வந்த வழியே, தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு போகிற திருடனைப்போல. மறுபடி மஞ்சள். என் உடம்பு சிலிர்த்தது. பார்த்த பொருள் பார்த்தபடியே இருக்கும் என்று அதுவரை யாரும் எனக்குச் சத்தியம் செய்து கொடுத்ததில்லை. ஆனாலும் யாரோ அப்படிச் செய்துகொடுத்து, அன்றைக்குத்தான் அது மீறப்பட்டதுபோல இருந்தது.

"சந்தேகம் இருந்தா கேளுங்க. தப்பாக் கேளுங்க, பரவாயில்லை. கேக்காம மட்டும் இருக்காதீங்க" என்பார் டீச்சர். எல்லா வகுப்பையும் அவர் முடிக்கும் விதம் அது.

வீட்டில் எனக்காக இன்னொரு வகுப்பு காத்திருக்கும். அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, சமையற்கட்டில் வைத்திருந்தார்கள். அத்தை படித்த காலத்தில் விஞ்ஞானம் என்றால் புத்தகத்தை வாசித்து ஒப்பிப்பதுதான். கண்ணாடிக் குழாயைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பையை மாட்டும் முன்பே, "என்னடி நடத்தினாங்க? ஒண்ணு விடாம சொல்லு" என்று அடுப்படிக்கு இழுப்பாள். நான் சொல்வேன். பாதி சொல்லும்போதே அவள் கை மஞ்சள் டப்பாவுக்குப் போயிருக்கும். அந்தக் காலத்துப் பள்ளியிறுதியான பதினோராவதைப் பிரைவேட்டாக எழுத வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஆசை அணையாமல் கனன்றுகொண்டிருந்தது. அப்பாவிடம் சொல்லும்போதெல்லாம், "கல்யாணம் ஆகட்டும், மாப்பிள்ளைகிட்டக் கேட்டுக்க" என்பார். அவர் கெட்டவர் இல்லை. தங்கையை ஒரு நல்ல ரயிலில் பத்திரமாக ஏற்றிவிட வேண்டும் என்ற கவலை மட்டும்தான்.

நான் சொன்ன பாடத்தைக் கேட்டுவிட்டு அத்தை அன்று மோர், புளித்தண்ணீர், எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகச் சிவப்பில் விட்டுப் பார்த்தாள். தரையெல்லாம் மஞ்சளும் சிவப்பும். அம்மா வந்து பார்த்து, "யாருக்குடி இங்க ஆலாத்தி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அத்தைக்குச் சிரிப்பு. பிறகு திடீரென்று முகம் கூர்மையாகிவிட்டது.

"எல்லாம் புளிக்கிற சாமான். புளிக்காத ஏதாவது இதை மஞ்சளாக்குமா? உங்க டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வா."

மறுநாள் கேட்டேன். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இந்தக் கேள்வி உன்னுது இல்லையே. யார் கேக்கச் சொன்னது?"

"அத்தை."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "வீட்டுலேயே தேடச் சொல்லு. தண்ணிக் குடத்துப் பக்கமாத் தேடச் சொல்லு."

அது ஆடி மாதம். காவிரியில் புது வெள்ளம் வந்து, குடத்துத் தண்ணீர் காப்பியில் பால் விட்டதுபோலக் கலங்கியிருக்கும். படிகாரக் கட்டியை உள்ளே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வைத்தால் விடிவதற்குள் மண் அடியில் படிந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் படிகாரம் இல்லாத வீடு கிடையாது. அத்தை அந்தக் கட்டியை எடுத்துப் பார்த்தாள். கற்பூரக் கட்டியின் அண்ணன்போல வெள்ளையாக இருந்தது. கொஞ்சம் பொடித்துச் சிவப்பின்மேல் தூவினாள். ஒன்றும் ஆகவில்லை. நான் கிளம்பப் போனேன். "இரு" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். தூள் மெல்லக் கரைந்தது. ஓரத்திலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"பாத்தியாடி? எலுமிச்சை மாதிரி இது அவசரப்படலை" என்றாள், தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவள்போல.

அதன்பிறகு நான் தபால்காரியானேன். ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு பேர் என் வாய் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அத்தையின் கேள்வி காலையில் போகும். டீச்சரின் விடை மாலையில் வரும். அதில் ஒன்று: எந்த மாற்றம் திரும்பும், எது திரும்பாது? டீச்சர் யோசித்துத்தான் சொன்னார். பால் தயிரானால் திரும்பாது. விறகு சாம்பலானால் திரும்பாது. மஞ்சள் திரும்பும். "செய்யறதுக்கு முன்னாடியே எது எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்னு சொல்லு."

சொன்னேன். அத்தை வாழைப்பூவை ஆய்ந்துகொண்டிருந்தவள், கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுத்த பூவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கள்ளனைச் சட்டியில் போட்டாள்.

ஆடி முடிந்த அந்த வாரம்தான் மண்ணச்சநல்லூரிலிருந்து வரன் வந்திருந்தது. சொந்த அரிசி மில். மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை என்று அத்தனை பேரும் சொன்னார்கள்; இருந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, அத்தையின் பரீட்சை ஆசையைக் கேள்விப்பட்டு, "எங்க வீட்டுல அடுப்பு ரெண்டு எரியுதுங்க. புஸ்தகம் எரிக்கிறதுக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். நானும்.

அன்றிரவு சாப்பாட்டின்போது அத்தை பரிமாறிக்கொண்டே, "ஒரே ஒரு வருஷம்ணே" என்றாள்.

"ஆவணிக்குள்ள நிச்சயம்னு வாக்குக் கொடுத்தாச்சு. இப்ப என்ன சொல்லச் சொல்ற? ரசம் ஊத்து."

அத்தை ரசம் ஊற்றினாள்.

நிச்சயதார்த்தக் காலை. எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும் ஆலாத்தி கரைப்பது அத்தைதான். அவள் கலந்தால்தான் குங்குமம்போலக் கெட்டியான சிவப்பு வரும். கல்யாணப் பெண்ணே அதைக் கரைக்கலாமா என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். "அவ கைராசி யாருக்கு வரும்?" என்றாள் அம்மா. பட்டுப்புடவையோடு அத்தை தட்டை அடுப்படி வாசல்வரை கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பின்மேல் ஒரு வெற்றிலை படகுபோல மிதந்தது. அதில் கற்பூரம். கற்பூரத்தைச் சுற்றி வெள்ளைத் தூள்.

"இவ்வளவு கற்பூரமா?" என்றேன்.

"காத்துல அணையாம இருக்கும்" என்றாள் அத்தை.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு நின்றார்கள். அம்மாவும் மாமியும் எதிரும் புதிருமாகத் தட்டைப் பிடித்து, கற்பூரத்தை ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தார்கள். சுற்றச் சுற்ற வெற்றிலை ஆடியது. ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்தது. தூள் சரிந்தது. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் நடப்பது எனக்காகவே நடப்பதுபோல. வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் விரல் நீண்டது. அப்புறம் உள்ளங்கை. அப்புறம் தட்டு முழுக்க.

"மாறுது! மாறுது!" என்று கைதட்டிக் கத்தியது நான்தான்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "என்னங்க இது? செவந்த ஆலாத்தி வாசப்படியிலேயே வெளுத்துப் போகுது? என் பிள்ளை தலையைச் சுத்தினதுங்க!" அம்மாவின் பக்கம் தட்டு சாய்ந்து, கற்பூரம் நீரில் விழுந்து அணைந்தது. மாப்பிள்ளை மட்டும் ஆசையோடு குனிந்து தட்டைப் பார்த்தார். அவர் அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கொண்டுவந்த பூவும் பழமும் வந்த வண்டியிலேயே திரும்பின. செருப்பைக்கூட ஒருவரும் கழற்றவில்லை.

அதன்பிறகு வீதிக்கு வேலை கிடைத்தது. பெண்ணின் ராசி என்று ஒரு வீடு, ஜாதகத்தை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு வீடு. அப்பா நேராக வெற்றிலைக்கடைக்குப் போய், "என்னய்யா சுண்ணாம்பு விக்கிற?" என்று சண்டை போட்டார். கடைக்காரர் தன் சுண்ணாம்பை நாக்கில் வைத்து வெந்துபோய்க் காட்டினார். அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. குற்றம் ஏதாவது ஒரு பொருளின்மேல் விழுந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தங்கையின்மேல் விழுந்துவிடும். ஒர்க்‌ஷாப் மனிதர் அல்லவா, மிச்சமிருந்த ஆலாத்தியை மருந்து பாட்டிலில் ஊற்றி மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். விடையை நான் கண்டுபிடித்திருந்தேன். யாரோ கற்பூரம் என்று நினைத்துப் படிகாரத்தைப் பொடித்துவிட்டார்கள்; அநேகமாக அம்மா. வெள்ளைக்கு வெள்ளை, கைமாறிவிட்டது. டீச்சர் கேட்டதும் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் ஒரு துளி தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். புருவம் லேசாகச் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு, கையை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

"டீச்சர், அது வந்து..."

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்றார் டீச்சர்.

கேட்காமல் மட்டும் இருக்காதீர்கள் என்று சொன்ன அதே வாய்.

அப்பாவிடம் திரும்பினார். "சுண்ணாம்பு பழசுங்க. காத்து பட்டு வீரியம் போயிருக்கு. முதல்ல செவக்கும், அப்புறம் நிக்காது. பொண்ணுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. யார் கேட்டாலும் சயின்ஸ் டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

அப்பாவின் தோள் ஒரு சாண் இறங்கியது. "நன்றிங்க டீச்சரம்மா" என்று பாட்டிலை விளக்குப்போல ஏந்திக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்தது. வீரியம் போன சுண்ணாம்பு மஞ்சளைச் சிவக்கவே வைக்காது. எட்டாம் வகுப்புக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரியாதா?

வெற்றிலைக்கடைக்காரர் பாவம், புதிதாகச் சுண்ணாம்பு வாங்கி வைத்தார். வீதி வேறு விஷயத்துக்குப் போனது. சுண்ணாம்புதான் காரணம் என்று மண்ணச்சநல்லூருக்கு அப்பா சொல்லியனுப்பினார். கோபம் இல்லை, ஆனாலும் மனசு ஒப்பவில்லை, வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அன்று மாலை அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "இந்த வருஷம் இனிமே யாரும் வரப்போறதில்லை. சும்மா இருக்கிறதுக்கு அந்தப் பரீட்சையையாவது எழுதித் தொலை" என்றார்.

அத்தை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. பிறகு வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னினாள்.

நான் மெதுவாக என் வழக்கைச் சொன்னேன். "டீச்சர் தப்பாச் சொல்லிட்டாங்க அத்தை. அது படிகாரம். நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

"டீச்சர் சொன்னா சரியாத்தான்டி இருக்கும்."

"தப்பு அத்தை!"

"சரி, தப்பு" என்றாள். முதுகுக்குப் பின்னால் சிரித்தாளா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், திரும்ப முடியவில்லை. "நாளைக்கு டீச்சர்கிட்ட ஒண்ணு சொல்லணும். விடை கிடைச்சுதுன்னு அத்தை சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லு."

"எந்தக் கேள்விக்கு?"

"அவங்களுக்குத் தெரியும்."

தப்பு செய்தவருக்கு நன்றிபோல ஒன்றைக் கொண்டுபோவதில் எனக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் தபால்காரி தபாலை நிறுத்த முடியுமா? காலை மணி அடித்ததும், மேஜைப் பக்கம் போய் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னேன்.

டீச்சர் டஸ்டரை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, ரொம்ப நேரம் துடைத்தார். பலகையில் ஓர் எழுத்துகூட இல்லை. தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தப்பாகச் சொன்னதற்கு வெட்கப்படுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டு, என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.