நெயில் பாலிஷ் கோடு

நெயில் பாலிஷும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்தால் போதும், அல்சூரில் எங்கள் வீட்டு முன் நின்ற அப்பாவின் வெள்ளை அம்பாசடர் கண்முன் வந்துவிடும். தொண்ணூறுகளில் அந்த டூரிஸ்ட் டாக்ஸிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதன் இன்ஜினில் "டிஸ்ட்ரிபியூட்டர்" என்றொரு பாகம். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி சரியான நொடியில் விழ, அதைக் கையால் திருப்பிச் சரியான இடத்தில் இறுக்க வேண்டும். அந்த இடம் தவறாமலிருக்க, அதன் மேலும் இன்ஜின் மேலுமாகச் சேர்த்து ஒரே கோடாக என் சிவப்பு நெயில் பாலிஷை இழுக்கச் சொன்னார் அப்பா. "டைமிங் நகத்தளவு தப்புனாலும் வண்டி மேடேறாது" என்பார். கோடு போட்டவள் நான் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சிவாஜிநகரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து வண்டியை சர்வீஸ் செய்தார். "கோடு மங்கிப்போச்சு கண்ணு, பாலிஷ எடுத்துனு வா, புதுசா போட்டுடறேன்" என்றார். ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன்பிறகு வண்டி நந்தி மலையில் பாதியிலேயே திணறிக் கொதித்தது. அப்பா பானெட்டைத் திறந்து பார்ப்பார். கோடு கோட்டோடு சேர்ந்தேயிருக்கும். டைமிங் சரி, அப்படியென்றால் இன்ஜின்தான் போய்விட்டது என்று நம்பினார். "இன்ஜின் அவுட்டு மாமா. வெளியாளுக்குப் போனா மனசு கேக்காது, நானே எடுத்துக்கறேன்" என்று அப்பாவிடம் சொல்லி மாமா அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார். அப்பா யாரோ ஒருவர் வண்டிக்கு டிரைவராகப் போனார்.

சில மாதம் கழித்து எனக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மாமா வந்திறங்கியது அந்த வண்டியில்தான். எங்கள் தெரு மேட்டை அது அலட்சியமாக ஏறியது. பந்தி முடிந்ததும் பழைய பாசத்தில் அப்பா பானெட்டைத் திறந்தார். சீர்ப் புடவையோடு நானும் பக்கத்தில் போய் நின்றேன். கோடு இரண்டாகப் பிரிந்து, நடுவே நகத்தளவு இடைவெளி. சர்வீஸ் செய்த அன்று மாமா டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, தப்பான இடத்துக்குப் புதுக்கோடு போட்டிருக்கிறார். வண்டி கைக்கு வந்ததும் சரியாக்கிக்கொண்டு, கோட்டை அழிக்கத்தான் மறந்திருக்கிறார். கூடப்பிறந்தவள் வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறார், அதுவும் என் பாலிஷை வைத்து. அப்பா பானெட்டை மெல்ல மூடி, "அம்மாகிட்ட சொல்லாதம்மா. அவளுக்கு இருக்கறது ஒரே தம்பி" என்றார்.

இப்போதைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்கிறார் என்னை வைட்ஃபீல்டுக்குக் கூட்டிப்போகும் ஆபீஸ் கேப் டிரைவர். அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அம்மா மட்டும் விசேஷ வீடுகளில், "அன்னைக்கு என் தம்பி அந்த ஓட்ட வண்டிய வாங்கிக்கலன்னா நம்ம கதி என்ன ஆயிருக்கும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.