அக்கா சொன்ன பத்தா

"எங்கே அச்சடிக்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு அனுப்புவதற்கு ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். "மன்னிக்கவும். அதை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அக்காவின் விருப்பம்." ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த இரண்டு வரி எழுத எனக்கு அரை நாள் ஆனது. ஏழு மாதமாக அதையே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா டாரட் சீட்டு வரைந்தாள். எழுபத்தெட்டுச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம். கேள்வியோடு வருகிறவர் எந்தச் சீட்டை எடுக்கிறாரோ அதை வைத்துப் பேசுவார்கள். அம்மா அதற்கு வைத்த பெயர் "கிளி செத்துப்போன கிளி ஜோசியம்". வெளிநாட்டுச் சீட்டுகளில் வரும் கோட்டையும் குதிரையும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தலைகீழாகத் தொங்கும் மனிதனுக்குப் பதில் பழந்தின்னி வௌவாலைப் போட்டாள். ரதம் வர வேண்டிய இடத்தில் லாரி ஏற்றிய ஃபெரிப் படகு. அப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பே துறைமுக ஜெட்டியில் கப்பல் கயிறு கட்டுகிற வேலை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "முடிச்சு சரியாத்தான் போட்டிருக்கா" என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை.

வரைவதில் அவளுக்குக் கஷ்டம் இல்லை. அச்சடிப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. எங்கள் தீவில் கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள், சீட்டு அடிக்க மாட்டார்கள். மெயின்லேண்டில் முதலில் கொடுத்த இடத்திலிருந்து வந்த சீட்டுகள் கப்பலில் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. இரண்டாவது இடத்தில், பின்பக்கத்து நீலம் சீட்டுக்குச் சீட்டு மாறியிருந்தது. அப்புறம்தான் அந்த அச்சகம் கிடைத்தது. சின்ன இடம், காலண்டர்தான் அவர்கள் தொழில். பெரிய தாளில் காலண்டர் போட்டது போக ஓரத்தில் மிஞ்சுமே, அந்த இடத்தில் அக்காவின் படங்களை ஏற்றி, மேலே ஈரம் இறங்காத பூச்சு கொடுத்து, சுத்தமாக வெட்டி அனுப்பினார் அங்கிருந்த அண்ணாச்சி. அதனால்தான் நூறு கட்டு மட்டும் அடிக்க முடிந்தது. மற்ற இடங்களில் ஆயிரத்துக்குக் கீழே பேசவே மாட்டார்கள்.

நானும் அக்காவும் ரகசியம் பேசினால் இந்தியில்தான் பேசுவோம். அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற அளவு இந்திதான் தெரியும். அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாம் நாள், மூச்சுக்காக முகத்தில் மாட்டியிருந்ததைக் கையால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"பத்தா கிசி கோ மத் தேனா" என்றாள் அக்கா.

பத்தாவை யாருக்கும் கொடுக்காதே. "சரிக்கா" என்றேன். அது போதவில்லை என்பதுபோல என் விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

பத்தா என்றால் விலாசம், எல்லோரும் அவளைக் கேட்டு நச்சரித்த அச்சகத்து விலாசம். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அச்சகத்து விலாசம் என் வாய்க்குள் போனது, நான் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா சொன்னாள், "அந்தப் பீடைச் சீட்டு இந்த வீட்டுல இருக்கக் கூடாதுடி. அதைத் தொட்டதுலேர்ந்துதான் எம்புள்ளைக்கு எல்லாம்." அவளோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அக்காவின் பேஜில் யார் யார் கேட்டிருந்தார்களோ அவர்களுக்கெல்லாம் மீதி இருந்த கட்டுகளை அனுப்பினேன். கடைசியாக அக்கா தினமும் கையில் வைத்திருந்த கட்டு, ஓரமெல்லாம் பஞ்சாகிப் போனது. அழுதுகொண்டே செய்தி அனுப்பிய ஒரு பெண்மணிக்கு அதையும் பார்சல் கட்டினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் கட்டினேன்.

சீட்டு வரைகிறவர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அச்சகத்தின் பெயரைச் சொல்ல வேண்டுமா கூடாதா என்று அதில் ஓயாமல் சண்டை நடக்கும். மூடி வைத்துக்கொள்கிறவர்கள் அற்பர்கள் என்று ஒரு பக்கம். தேடி அலைந்து காசைத் தொலைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், சும்மா வந்து கேட்காதே என்று இன்னொரு பக்கம். நான் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இரண்டு பக்கமும் சரி என்றுதான் தோன்றும். ஆனால் எனக்குப் பக்கமே கிடையாது, ஒரு வாக்குத்தான் இருந்தது.

கராச்சர்மாவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். ராஞ்சிப் பக்கத்துக் குடும்பம், வீட்டில் இந்தி. எங்களோடு வளர்ந்ததால் தமிழும் பேசுவாள். அக்காவைப் பார்த்து அவளும் சீட்டு வரையத் தொடங்கினாள், முழுக்க மீன்கள். மூன்று தடவை என்னிடம் அச்சகம் கேட்டாள், மூன்று தடவையும் மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை பஸ்ஸில். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினாள்:

"அரே, உங்க அக்காக்கு மட்டும் ஆகாசத்துலேர்ந்தா தெரிஞ்சுது? அவளுக்கும் யாரோ சொன்னாங்கதானே?"

நான் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். வெயிலில் நடக்கும்போது அக்கா மேல் கோபம் வந்தது. செத்தவள் மேல் கோபப்படுகிறோமே என்று என் மேலும் கோபம் வந்தது. அந்த வாக்கிலிருந்து என்னை விடுவிக்க அவள் ஒருத்தியால்தான் முடியும், அவளோ போய்விட்டிருந்தாள்.

போன மாதம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேறு எங்கேயோ கொடுத்து அடித்து வாங்கிய மீன் சீட்டுகளைத் தரையில் குப்புறப் பரப்பினாள்.

"கண்ண மூடிக்கோ. சாவுச் சீட்டு எடு."

தடவினேன். ஒரு சீட்டு மட்டும் விரலில் தட்டியது, மற்றதைவிட நூலளவு நீளம். திருப்பினால் அதேதான்.

"பாத்தியா? இதுல ஜோசியம் சொல்ல முடியாது. சூதாடலாம், நல்லா ஜெயிக்கலாம்."

அம்மா சிரித்துவிட்டாள். அக்கா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்த வாயோடு என் பக்கம் திரும்பி, "ஏண்டி, அந்தப் பிரஸ்ஸு பேரச் சொன்னா நீ என்னடி கொறஞ்சா போவ?" என்றாள்.

"அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டாம்மா."

"என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு" என்றாள் அந்தப் பெண்.

சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"எந்த பத்தா?"

"எந்த பத்தான்னா? அட்ரஸ்தான்."

அவள் கீழே கிடந்த ஒரு மீன் சீட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "இதுக்கும் அந்தப் பேருதான். அட்ரஸ்ன்னா நாக்கு லேசாத் தொட்டுட்டு விடணும். சீட்டுன்னா அழுத்தணும். உனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, மதராசி வாய். அவ அழுத்தினாளா, லேசா சொன்னாளா?"

அக்காவுக்கும் என் வாய்தான். நல்ல நாளிலேயே எங்களுக்கு அந்த இரண்டு சொல்லும் ஒன்று. அன்றைக்கு அழுத்திச் சொல்ல அவளுக்கு மூச்சு எங்கே இருந்தது?

"என்னடி? என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. பிரஸ் பேருதான்."

அம்மா அங்கே நின்றதால்தானே அக்கா இந்தியில் சொன்னாள்? விலாசமாக இருந்தால் அம்மாவிடம் எதற்காக மறைக்க வேண்டும்? சீட்டுகளைத் தூக்கி எறிய நினைத்தது அம்மாதான். அப்படியானால் ஏழு மாதம் நான் வேறு எதையோ காவல் காத்துவிட்டு, அவள் கொடுக்காதே என்றதைக் கட்டுக் கட்டாக, ஸ்டாம்ப் ஒட்டி, நானே அனுப்பியிருக்கிறேன். அப்படி இல்லை, விலாசம்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த அச்சகத்துக்காக அவ்வளவு அலைந்தவள் அவள். எப்படித் திருப்பினாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

அக்காவின் சொந்தக் கட்டை வாங்கிய பெண்மணிக்கு எழுதிக் கேட்டேன். அவர் அதைத் தெரிந்த ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டாராம். அக்காவின் டேப்லெட் திறக்கவில்லை, பாஸ்வேர்டு அவளோடு போய்விட்டது. வீட்டில் ஒரு சீட்டுகூட இல்லை. மிச்சம் அண்ணாச்சிதான். போன் போட்டேன்.

"படமெல்லாம் பத்திரமா இருக்கு தாயி. ஆனா ஒரு கட்டுக்காக மிஷின ஓட்ட முடியாதுல்லா? இப்போ காலண்டர் சீசனும் இல்ல. வேற யாராவது இதே மாதிரி சீட்டு கொண்டாந்தாங்கன்னா, அந்தத் தாள்லயே ஓரமா உங்கக்காதையும் ஏத்திருவேன்."

போனை வைத்தேன். அவள் சொன்னது விலாசம் என்றால், கொடுத்தால் வாக்கு போச்சு. சீட்டு என்றால், விலாசத்தைக் கொடுத்தால்தான் சீட்டு திரும்பி வரும். இரண்டில் எது என்று தெரிந்துகொண்டு செய்ய எனக்கு வழியில்லை. தெரியாமலே செய்ய வேண்டியதுதான்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அந்த மீன் சீட்டுப் பெண்ணிடம் அச்சகத்தின் பெயரையும் அண்ணாச்சி நம்பரையும் சொன்னேன். அவளுடையதோடு அக்காவின் ஒரு கட்டையும் ஏற்றச் சொன்னேன். அவள் போனில் அடித்துக்கொண்டாள், நம்பரை இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டினாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கசம் சே, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"சத்தியமெல்லாம் பண்ணாத" என்றேன். "அது வேணாம்."

"அப்போ யாராவது கேட்டா? சொல்லட்டா?"

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, புருவத்தைத் தூக்கி மறுபடியும் அதையே கேட்டாள். சொல்லு என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்லாதே என்று சொல்லவும் திறந்தேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.