மேல் கம்பி

நான் இன்ஜினியராக இருக்கும் பொத்தேரி சைட்டில், பால்கனிக் கம்பிகளை மிதித்துக்கொண்டே ஒருவர் கான்கிரீட் கொட்டினார். அந்த ஈரச் சிமெண்ட் வாசனையில், ஆறாவது படித்தபோது செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பால்கனி போட்ட நாள் திரும்பி வந்தது.

அன்று அம்மா பிளானைக் காட்டி, "கம்பி மேலே இருக்கணுமே, மிதிச்சு மிதிச்சு அடியில போயிடுச்சே" என்றாள்.

"உள்ளதானே கீது? மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

"உனக்கு என்ன தெரியும்? போய் டீ போடு" என்றார் அப்பா.

வெளியே நீட்டிய பால்கனியில் மேல்பக்கம்தான் இழுபடும். கம்பி அங்கேதான் வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் துணி எடுக்கப் போன அம்மாவோடு அது இடிந்து விழுந்தது.

"இறங்குங்க! கொட்டினதை அள்ளிட்டுக் கம்பியைத் தூக்கிக் கட்டுங்க!" என்று பொத்தேரியில் கான்கிரீட் கொட்டியவரைப் பார்த்துக் கத்தினேன்.

"இன்னா மேடம், உள்ளதானே கீது?"

அப்பாவுக்கு இன்றும் அம்மாதான் டீ போடுகிறாள், ஒரு காலை இழுத்துக்கொண்டு.