காயில் ஏறக் கூடாத வாடை

என் மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியபோது கையில் கிடைத்ததையெல்லாம் கடித்தாள். என் முந்தானை, சீப்பு, அவள் அப்பாவின் விரல், எதையும் விடவில்லை. அவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் போடியிலிருந்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டைத் தாண்டி கேரளா பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். ஒருநாள் வரும் வழியில் தள்ளுவண்டிக் கடையில் ஒரு மஞ்சள் வாத்துப் பொம்மை வாங்கி வந்தார். அமுக்கினால் கீச்சென்று கத்தும். மெத்தென்று இருந்தது. கடிக்கத் தோதாக இருக்கிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

வாடையைத்தான் பொறுக்க முடியவில்லை. புதுத் தார்ப்பாயின் மடிப்பைப் பிரித்தால் மூக்கில் ஏறுமே, அந்த வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை.

"அதுக்கு ஒரு வழி இருக்கு புள்ள" என்று அவர் அதை எடுத்துக்கொண்டு போனார்.

எங்கள் வீடுகளில் எந்த நாற்றத்துக்கும் ஏலக்காய்தான் மருந்து. துணிப்பெட்டி முடை அடித்தால், தரம் பிரிக்கும்போது ஒதுக்கிப்போடும் கழிவுக் காயைத் துணியில் முடிந்து உள்ளே போட்டுவிடுவோம். அவர் வாத்தை ஒரு பையில் போட்டார். உடைந்த காயும் தோலுமாக அதைச் சுற்றி நிரப்பி, இறுகக் கட்டி, ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியில் நல்ல வெயிலில் வைத்துவிட்டார். சில நாள் மலை ஏறி இறங்கிய பிறகு எடுத்துப் பார்த்தால் வாத்து கமகமத்தது.

பக்கத்து வீட்டு அக்கா வாங்கி மோந்து பார்த்தார். "ஏ தம்பி, இதைப் பாயாசத்துல போட்டுறலாம் போலயே."

எல்லோரும் சிரித்தோம். மகளும் முன்னைவிட ஆசையாகக் கடித்தாள். வாத்து கொஞ்சம் பிசுபிசுத்தது. ஏலக்காயின் எண்ணெய் ஏறியிருக்கும் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

நான் ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை பார்க்கிறேன். மூட்டை மூட்டையாக வந்து அடைந்து கிடக்கும் காயை முறத்தில் கொட்டி, பெரியது, சிறியது, வெடித்தது என்று பிரிக்கும் சோலி. வாடையுள்ள எதையும் அங்கே உள்ளே கொண்டுவரக் கூடாது. ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மல்லிகைப்பூ வைத்துப் போனால்கூட வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கைப்பிள்ளைகளை மட்டும் வராந்தாவில் விட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் மகள் வராந்தாவிலிருந்து தவழ்ந்து உள்ளே வந்து, வாத்தை என் முறத்தில் போட்டுவிட்டாள். எங்களை மேற்பார்வை பார்க்கும் அண்ணன் அதைத் தூக்கினார். அதன் வயிற்றில் காய்த்தூசி அப்பிக்கொண்டு வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"இது என்னத்தா, ரெக்சின் வாடை அடிக்குது?"

"ஏலக்கா மணந்தாண்ணே. கழிவுக் காயில போட்டு வச்சிருந்தோம்."

"அது மேல அடிக்குது. அடியில வேற என்னமோ இருக்கு. எண்ணெயா வேர்த்துல்ல கிடக்கு. அந்த முறத்துக் காயைத் தனியாக் கொட்டு. மூட்டையில கலந்துறாத."

"சித்த நேரந்தாண்ணே கிடந்துச்சு."

"சித்த நேரம் போதும். வாங்க வர்றவன் கையில அள்ளுனதும் கண்டுபிடிச்சிருவான்."

கொட்டினேன். கொட்டிவிட்டுத் திரும்பினால் மகள் வாத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் எச்சில். முறத்தில் சித்த நேரம் கிடந்ததற்கே காய் ஆகாது என்கிறார்கள். இவள் அதைச் சப்பிச் சப்பி விழுங்கியிருக்கிறாள். பாதி வேலையில் எழுந்து, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வாத்துமாக டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் வாத்தை அமுக்கிப் பார்த்தார். "இந்த மாதிரி பிளாஸ்டிக் இயல்புல கெட்டியா இருக்கும்மா. மெதுவாக்குறதுக்கு எண்ணெய் மாதிரி ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க. தாலேட்னு ஒரு வகை இருக்கு. அது பிளாஸ்டிக்கோட ஒண்ணாச் சேர்ந்து இருக்காது. சூடு பட்டா, எண்ணெய் பட்டா, பிள்ளை சப்புனா வெளியே வரும்."

வெயில், காயின் எண்ணெய், எச்சில். மூன்றுக்கும் குறை வைக்கவில்லை நாங்கள்.

"வயித்துக்குள்ள போனா என்ன செய்யும்?"

"அதுல சில வகை ஹார்மோனைப் பாதிக்கும்னு சொல்றாங்க. அதனாலதான் பிள்ளைங்க பொம்மையில அளவு வச்சிருக்காங்க, அரசாங்க முத்திரையும் போடச் சொல்லியிருக்காங்க. இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு பார்த்தவுடனே என்னால சொல்ல முடியாதும்மா. உடம்புல ரொம்ப நாள் தங்காது, ஒண்ணுக்கு வழியாப் போயிரும். இனிமே கொடுக்காதீங்க. பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொல்ல யாராலும் முடியும். ஒன்றும் ஆகாது என்று அவரும் சொல்லவில்லையே. ஏதாவது ஆகியிருந்தால் அது எப்போது தெரியும்? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். இது அவள் வளர்ந்து பெரியவளாகும்போது தெரியுமா, அப்போதும் தெரியாதா? கேட்டேன். அவர் வாத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் வெயில்ல வச்சதுனாலயா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

மறுநாள் வாத்தோடு அந்தத் தள்ளுவண்டிக்குப் போனேன்.

"இதுல என்ன கலந்திருக்கு?"

"பிளாஸ்டிக்குத்தான்க்கா."

"எங்க செஞ்சது?"

"மதுரையில மொத்தமா எடுக்குறோம். அவனுக்கு எங்கேருந்து வருதோ, யாரு கண்டா."

"அரசாங்க முத்திரை எங்க?"

"வாத்துக்கு எதுக்குக்கா முத்திரை? அது என்ன நகையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த வண்டியைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. விற்பவனுக்குத் தெரியாது, அவனுக்கு அனுப்புகிறவனும் கேட்க மாட்டான். எங்கேயோ ஒருவன் மட்டும் தெரிந்தே கலக்குகிறான். சாக்கில் அடைத்து வெளிநாட்டுக்குப் போகும் காயை ஆள் வைத்து மோந்து பார்க்கிறார்கள். பிள்ளை வாய்க்குப் போவதை மோந்து பார்க்க ஒரு நாதி இல்லை.

இப்போது என் வீட்டுக்காரர் ஜீப்பை அந்தத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவதில்லை. நன்றாகத் தள்ளி, பெட்ரோல் பங்குக்கு அந்தப் பக்கம்தான் நிறுத்துகிறார். தோட்டத்துப் பெண்கள் ஏசுகிறார்கள். "ஏண்ணே, அப்படியே கேரளாவுலயே நிப்பாட்டிட வேண்டியதுதான? நாங்க நடந்து வந்துருவோம்ல." அவர் மறுநாளும் அங்கேதான் நிறுத்துகிறார்.

போன வாரம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, கைப்பிள்ளையோடு ஒருத்தி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பிள்ளையின் வாயில் அதே வாத்து, அதே மஞ்சள். நான் பிடுங்காத குறையாக வாங்கி மோந்து பார்த்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெரசா, மூச்சு விடாமல்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளை வாத்தைக் கேட்டு அழுதது.

"உம் பிள்ளைக்கு என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் என்ன?"

"இன்னைக்கு வரைக்கும் ஆகலன்னு சொல்றேன்."

அவள் வாத்தைத் திரும்ப வாங்கினாள். பிள்ளையிடம் கொடுக்கவில்லை. தூக்கி எறியவும் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, அழுகிற பிள்ளையோடு அங்கேயே நின்றாள்.