இடப்பக்கத்து வீப்கே

எங்கள் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுத் துறையில் படம் காட்டுவதற்கென்றே இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். ஒருவர் போதாதா என்று கேட்பவருக்கு ஜெர்மானியக் கலை வரலாறு தெரியாது. இரண்டு படங்களைத் திரையில் அருகருகே போட்டு, இது இப்படி, அது அப்படி என்று சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். இடப்பக்கம் பழைய படம், வலப்பக்கம் புதிய படம். இடப்பக்கத்துப் புரொஜெக்டரில் ஸ்லைடு மாற்றுபவர் வீப்கே, வலப்பக்கத்துக்கு எக்கார்ட்.

வடக்குத் தீவு ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வயதில் வேலைக்கு வந்தவர் வீப்கே. இருபத்து நாலு வருடம் பழைய படங்களையே பார்த்ததில் அவருடைய உலகம் 1580 வாக்கில் நின்றுபோயிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டால், மண்டியிட்ட புனிதரின் முகபாவத்தோடு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார். எக்கார்டுக்கு வாய்த்தவையோ, மேகத்திலிருந்து ஆட்கள் விழுவதும் குதிரைகள் முன்னங்காலைத் தூக்குவதுமான படங்கள். அவர் மூன்று முறை விவாகரத்தானவர். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழக மருத்துவர் எழுத்துபூர்வமாகத் தெரிவித்திருக்கிறார்.

1996 இலையுதிர் காலத்தில் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பணியிடங்களில் ஒன்று ரத்தாகும். வியாழக்கிழமை வகுப்பை நிர்வாக அதிகாரி திருமதி பேன்கே நேரில் பார்த்து, எது என்று முடிவு செய்வார். வீப்கேக்கு ஓய்வூதியம் வர இன்னும் பதினாறு வருடம் இருந்தது. இடப்பக்கத்தைத் தவிர வேறு வேலையும் தெரியாது. பேராசிரியர் ஃபோல்க்மாரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பருவம் அவகாசம் வேண்டும் என்றார் அவர். கிடைக்கவில்லை.

எக்கார்ட் ஒரு திட்டம் வைத்திருந்தார். கேன்டீனில் உருளைக்கிழங்கு சூப்பைக் கலக்கியபடியே அதை வீப்கேயிடம் சொல்லியும்விட்டார்.

“வியாழக்கிழமை நான் லீவு. வலப்பக்கம் இல்லாம உங்க ப்ரொபசர் வாயத் தெறக்கட்டும், பாப்போம். யாரு இல்லன்னா வண்டி ஓடாதுன்னு அந்தம்மாவுக்கு அப்ப புரியும்.”

“பல்வலின்னு எழுதிக் குடுங்க. வயித்துவலின்னா டாக்டர் சீட்டு கேப்பாங்க,” என்றார் வீப்கே.

வியாழக்கிழமை, மூன்றாவது வரிசையில் கோப்புடன் திருமதி பேன்கே. திரையின் இடப்பக்கத்தில் மாட்டுத் தொழுவம், குழந்தை, சுற்றிலும் மண்டியிட்டவர்கள். வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை. “இடப்பக்கத்தில் அமைதி; வலப்பக்கத்திலோ…” என்று ஆரம்பித்த பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு முறை அதே இடத்திலிருந்து ஆரம்பித்தார். நான்கு நிமிடம் ஓடியது. பிறகு மெல்லப் பின்வரிசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“வீப்கே அம்மா, அந்த வலப்பக்கத்தையும் கொஞ்சம் நீங்களே போட்டு விடுங்களேன்.”

“அது என் பக்கம் இல்லீங்க, ப்ரொபசர்.”

பணி விதிகளின்படி அது சரியான பதில். அறுபது மாணவர்களும் செய்ய ஒன்றுமில்லாமல் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். துறையின் வரலாற்றில் இது முதல் தடவை. பின்னால் ஏணிமேல் நிற்பவன் யார் என்று ஒரு மாணவி கேட்டாள். வருடா வருடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிவந்த பேராசிரியர், அதில் ஏணி இருப்பதை அப்போதுதான் பார்த்தார். இருட்டிலிருந்து வீப்கேயின் குரல் வந்தது.

“கூரை பொத்துட்டு இருக்குல்ல, அதை அடைக்க வந்தவன். ஆணியக் கீழ விட்டுட்டான். மாட்டுக் காலடியில கெடக்கு, பாருங்க. எடுத்துக் குடுக்கத்தான் ஆளில்ல. எல்லாரும் கொழந்தையையே பாத்துட்டு இருக்காங்க.”

அடுத்த முப்பத்தைந்து நிமிடமும் கேள்விகள் பின்வரிசையை நோக்கியே வந்தன.

அறிக்கை பத்து நாளில் வந்தது. வலப்பக்கப் பணியிடம் ரத்து. எக்கார்ட் தாவரவியல் துறைக்கு மாற்றம்; அங்கே ஒரு நேரத்தில் ஒரு இலையைத்தான் காட்டுவார்கள். இடப்பக்கப் பணியிடம் இன்றியமையாதது. பேராசிரியரின் தேவை வகுப்பில் நிரூபணமாகவில்லை. ஆயினும் அவர் ஆயுட்கால அரசு ஊழியர் என்பதால் அப்படியே தொடரலாம். ஒரு சிறு சிக்கல் மட்டும் இருந்தது. வீப்கேயின் சம்பளப் பிரிவில் உள்ளவர்கள் வகுப்பில் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை முன்கூட்டியே பேராசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்.

அதனால் புதன்தோறும் பேராசிரியர் நோட்டுப் புத்தகத்துடன் வீப்கேயின் அறைக்கு வருகிறார். உட்காரச் சொல்லும்வரை நிற்கிறார்.

“நாளைக்கு என்ன இருக்கு, வீப்கே அம்மா?”

“கடைசி இராவுணவுப் படம். ரெண்டு நாய், மேசைக்கு அடியில ஒத்தைச் செருப்பு. செருப்பப் பத்தி மட்டும் அவசரப்பட்டு ஏதும் சொல்லிடாதீங்க. நான் இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன்.”