வால் அடியில் வைத்த கை

மொக்கைச்சாமி அண்ணன் இறந்த செய்தியை அவர் மகள் ராசாத்திதான் வந்து சொன்னாள். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள். "டீச்சர், அப்பா நேத்து போயிட்டாக. காரியத்தன்னைக்கு அவுகளப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். நீங்க நல்லதா நாலு வார்த்தை எழுதித் தரணும்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுகை வந்ததே எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த மனிதருக்காக நான் அழ வேண்டும் என்று என்ன தலையெழுத்து?

பேரையூர்ப் பக்கம் மாடு வைத்திருக்கிற உங்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டுத் தரகர், கைவைத்தியமும் பார்ப்பார். மாட்டின் வால் அடியில் கை வைத்துப் பார்த்து அவர் ஒன்று சொன்னால் சந்தையில் மறுபேச்சு கிடையாது.

என் கணவர் திடீரென்று போனபோது எனக்கு விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று, ஒத்தக்கடையில் வீடு கட்டப் போட்ட அஸ்திவாரம். இன்னொன்று, கேரளத்துக்குக் கறிக்கு அனுப்புவதற்காக வளர்த்த காளைக் கன்றுகள் நிறைந்த கொட்டம். அவற்றை வளர்த்து விற்றால்தான் அஸ்திவாரத்தின் மேல் சுவர் எழும்பும். 'அடிமாடு வளர்க்கிற டீச்சர்' என்று தெருவில் முணுமுணுத்தார்கள். அண்ணன் ஒருவர்தான் எனக்காகப் பேசினார். "கறிக்குப் போற மாடுன்னா அதுக்குப் பசிக்காதா? போங்கப்பா, போய் அவுகவுக சோலியப் பாருங்க" என்று அதட்டினார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை நீண்டுகொண்டே போனது. வைக்கோல் தீர்ந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல மாடுகள் நின்றன. நான் பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முதலில் மந்தையைப் பிரித்தார். கன்றுகளும் வீட்டுப் பாலுக்கு வைத்திருந்த சினைமாடும் ஒரு பக்கம். இருந்த கொஞ்சத் தீவனமும் அவற்றுக்கு. பெரிய காளைகளுக்குக் கருவேலங்காயும் வேப்பங்குழையும். மேய்ச்சல் என்று தொலைவுக்கு ஓட்டக் கூடாது, நிழலில் கட்டித் தண்ணீர் காட்ட வேண்டும் என்றார். என் கையைப் பிடித்து மாட்டின் வால் அடியில் வைத்தார். "இந்தா, இங்கன சதை தட்டுப்படுதுல்ல? இது அதோட சேமிப்பு. இது இருக்கிற வரைக்கும் மாடு பசி தாங்கும். இளைச்ச உடம்பு மழை பெஞ்சா ஏறிரும் டீச்சர். முன்னைக்கும் வேகமா ஏறும்."

மழை பெய்தது. பச்சையைக் கண்ட சந்தோஷத்தில் இளம்புல்லைக் கட்டுக்கட்டாக அள்ளிப் போட்டேன். அண்ணன் ஓடி வந்து பிடுங்கி எறிந்தார். "காஞ்ச மாடு கம்புல பாஞ்சாப்லன்னு சும்மாவா சொன்னாக? பாயும், திங்கும், வயிறு உப்பிச் சாகும். பட்டினியில தப்பிச்சதச் சோத்தப் போட்டுக் கொன்னுறாதீக!" எங்கிருந்தோ காய்ந்த சோளத்தட்டையை வாங்கி வந்து அதோடு பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டார். ஒரு மாடுகூடச் சாகவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன்தான்.

சில வருடங்கள் கழித்து மறுபடியும் வானம் பொய்த்தது. அப்போது என் கொட்டத்தில் ஒரு செவலைக் காளை இருந்தது. இடது காது கிழிந்திருக்கும். நான் வரும்போதெல்லாம் என் துணிப்பையை முட்டும். உள்ளே அதற்கு வாழைப்பழத் தோல் இருக்கும். அண்ணன் வந்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் வால் அடியில் கை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். "தேறாது டீச்சர். செத்தா தோலுக்குத்தான் ஆகும். உசுரோட தள்ளிவிட்டுருங்க, நான் ஆள் விடுறேன்." என் கைக்குச் சதை தட்டுப்படத்தான் செய்தது. ஆனால் அவர் கையைவிட என் கை பெரிதா? வந்த விலைக்கு எல்லாவற்றையும் ஓட்டிவிட்டேன். செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது.

மழை முடிந்து புல் முளைத்த பிறகு அஸ்திவாரத்தைப் பார்க்க ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறினேன். அதற்குப் பின்னாலிருந்த தோப்பில் கொழுத்த காளைகள் கட்டிக் கிடந்தன. ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் பையை முட்டியது. காது கிழிந்திருந்தது.

காவலுக்கு இருந்தவருக்கு என்னைத் தெரியாது. பெருமையாகச் சொன்னார். "எங்க மச்சான் மொக்கைச்சாமி பேரையூர்ல பிடிச்சுவிட்ட மாடுக. வரும்போது வெறும் எலும்பு. இப்பப் பாருங்க, எம்புட்டு ஏறியிருக்குன்னு! அவருக்கு அப்பவே தெரியும்."

அவருக்கு அப்பவே தெரியும். அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். நேரே போய்க் கேட்டேன். அவர் தலையைக்கூடக் குனியவில்லை. "பொம்பள ஒத்தையா எத்தனை நாளைக்கு மாடுகளோட மல்லுக்கட்டுவீக? உங்களுக்கும் பாரம் குறைஞ்சதுல்ல" என்றார். பாரமாம்! அதற்குப் பிறகு அவரோடு நான் பேசவில்லை. அந்த அஸ்திவாரத்தின் மேல் இன்றைக்கும் சுவர் எழும்பவில்லை. வேலிக்கருவேல்தான் எழும்பி நிற்கிறது.

ராசாத்தி, நீ நல்லதாகத்தானே எழுதச் சொன்னாய்? உன் அப்பாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு நல்லதுதான். கோடை வந்தால் பக்கத்து வீட்டார் இளைத்த மாட்டோடு என் வாசலில் நிற்கிறார்கள். அவர் கற்றுத் தந்தபடி வால் அடியில் கை வைக்கிறேன். கைக்குத் தட்டுப்பட்டதைத் தட்டுப்பட்டபடியே சொல்கிறேன்.

இளைச்ச உடம்பு மழை பெஞ்சா ஏறிரும் என்றீர்கள், அண்ணே. மாடுகளைப் பொறுத்தவரை ஒரு சொல் பிசகில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மழை பெய்துவிட்டது. உங்கள் மேல் நான் வைத்திருந்த நம்பிக்கை மட்டும் ஏறவே இல்லை.