புருஷன் கையெழுத்து எங்கே?

மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ் என்றால், பிறந்த குழந்தையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "ஸ்வீட் எங்கே?" என்று கேட்கிற வேலை என்று பலருக்கு நினைப்பு. என் நாற்காலி அந்தப் பக்கம் இல்லை. மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில், கருவைக் கலைக்க வருகிறவர்களிடம் முதலில் பேசுகிற சிஸ்டர் நான். சீக்கிரமே வந்து, ஸ்கேன் எடுத்து, டாக்டர் கண்முன் செய்துகொண்டால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லாத விஷயம் இது. பிறகு உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துப் பழகியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஐந்தும் ஒரே வாயில்

ஆதம்பாக்கத்திலிருந்து ஓர் ஆட்டோக்காரர், மனைவியைத் தன் வண்டியிலேயே போட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு வாந்தி, குளிர் நடுக்கம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். விசாரித்தால், டாக்டர் சீட்டே இல்லாமல் மருந்துக் கடையில் கலைப்பு மாத்திரை வாங்கியிருக்கிறார். அட்டையில் ஐந்து. முதலில் ஒன்றுதான் விழுங்க வேண்டும். மீதி, ஒன்றிரண்டு நாள் விட்டு, டாக்டர் சொல்கிறபடி. இந்த மகானுபாவர் ஐந்தையும் காலை டீயோடு கொடுத்துவிட்டார்!

"யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?" என்று கத்தினேன். அவர் முகத்தில் பயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிலைக் கேளுங்கள்.

"ரெண்டு நாளு இழுத்துக்கினு இருப்பானேன் சிஸ்டர், ஒரே அடியா முடிஞ்சிடட்டும்னுதான் குட்துட்டேன்."

வயிற்று வலி

கபாலி கோயில் பக்கத்திலிருந்து ஒரு மாமி, கல்யாணமான மகளை அழைத்து வந்தார். மகளுக்கு இப்போது குழந்தை வேண்டாம். மகளும் மாப்பிள்ளையும் தீர்மானித்துவிட்டார்கள். மாமிக்குத்தான் கலக்கம். ஒருமுறை கலைத்தால் அப்புறம் பிறக்கவே பிறக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். முறையாகச் செய்தால் அப்படி ஆவதில்லை, காய்ச்சலோ நாற்றமோ அதிக ரத்தப்போக்கோ வந்தால் மட்டும் ஒளித்து வைக்காமல் உடனே ஓடி வர வேண்டும் என்று தொண்டை வறள விளக்கினேன். மகள் நிம்மதியாகச் சிரித்தாள். மாமியும் தலையாட்டினார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"எல்லாம் சரிம்மா, ஃபைல்ல மட்டும் வயித்து வலின்னு எழுதிடுங்கோ."

வேலை செய்த மாத்திரை

பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. அவளும் மருந்துக் கடை மாத்திரைதான். ஸ்கேன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கரு, கர்ப்பப்பையில் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தது தெரிந்திருக்கும். அந்த மாத்திரை குழாய்க் கருவைக் கலைக்காது. இவளோ, ரத்தம் வந்துவிட்டது, முடிந்தது என்று ஆபீஸ் போயிருக்கிறாள். பத்தாம் நாள் குழாய் வெடித்து, லிஃப்ட் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். எங்களிடம் தூக்கி வந்தவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வயிற்றைத் திறந்துதான் காப்பாற்றினார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டியூட்டி முடிந்ததும் யூனிஃபார்மோடு நேரே ஆழ்வார்பேட்டையில் அவள் மாத்திரை வாங்கிய கடைக்குப் போனேன். சீட்டு கேட்காமல் எப்படிக் கொடுத்தீர்கள், ரத்தம் போச்சு, முடிஞ்சுதுன்னு நம்பி அந்தப் பொண்ணு செத்துப் பிழைச்சிருக்கா என்று பிடிபிடியென்று பிடித்தேன். கடைக்காரர் நிதானமாக ஒருவருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரத்தம் போச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப மாத்திரை வேலை செஞ்சிருக்குதானே மேடம்?"

சட்டம் தெரிந்த நான்

ஊரையெல்லாம் திட்டுகிறேனே, இப்போது என்னைத் திட்டிக்கொள்ள வேண்டிய இடம். முத்துலட்சுமி, திருநெல்வேலிப் பக்கம். தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றில் சேலை எடுத்துப் போடும் வேலை, கடை ஹாஸ்டலில் தங்கல். ஏழு வார கர்ப்பம். ஊருக்குப் போனால் அடிக்கிற புருஷன், மூன்று வயதுப் பிள்ளை. இன்னொன்று தாங்காது என்று தெளிவாகச் சொன்னாள்.

பதினெட்டு வயது தாண்டிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் எங்கள் நர்சிங் ஹோமில், புருஷன் கையெழுத்துக்கென்று தனியாக ஒரு கோடு போட்ட ஃபாரம் உண்டு. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் ஃபாரத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். நானும் வாயை மூடிக்கொண்டு, "அவரைக் கூட்டிட்டு வாம்மா" என்று அவளை அனுப்பி வைத்தேன். மேனேஜர் சொன்னது இதுதான்:

"நாளைக்கு அந்த ஆள் வந்து கலாட்டா பண்ணா, நீங்களா சிஸ்டர் பதில் சொல்வீங்க?"

நான்கு வாரம் கழித்து

கடைப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மாத்திரைக்கான ஒன்பது வாரக் கெடு கடந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் வாங்கிப் போட்டிருக்கிறாள். பாதி வெளியேறி, பாதி உள்ளேயே தங்கி சீழ் பிடித்துவிட்டது. ஐந்து நாள் ரத்தப்போக்கோடு, உட்காரக்கூட விடாத கடையில் நின்றிருக்கிறாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உதடு வெளுத்துக் கிடந்தது. உடனே உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டர். அப்போதும் மேனேஜர் அதே ஃபாரத்தோடு வந்து நின்றார்!

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "தள்ளுங்க சார்!" என்று ஃபாரத்தைப் பிடுங்கி, அந்தக் கோட்டை அடித்துவிட்டு, அவளிடமே கையெழுத்து வாங்கினேன். டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை. இவ்வளவுதான் விஷயமா? இதைச் செய்ய எனக்கு நான்கு வாரம் ஆயிற்றா?

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஒரு வாரம் மருந்து கொடுத்து, பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"அன்னைக்கே என் கையெழுத்து போதும்னு சொல்லிருந்தீங்கன்னா, நான் அந்த மாத்திரைய வாங்கிருக்கவே மாட்டேன்லா, அக்கா?"

இத்தனை வருஷத்தில் எங்கள் நர்சிங் ஹோமில் சிந்திய ரத்தத்தில் ஒரு சொட்டுகூட ஆம்பிளையுடையது இல்லை, கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்க வேண்டுமாம்!